இருபத்தோராயிரத்து அறுநூறு மூச்சு

தட்சிணாமூர்த்தி வாத்தியாரிடம் கணக்குப் படித்தவர்களைக் கடலூரில் கண்டுபிடிப்பது சுலபம். இருபத்தோராயிரத்து அறுநூறுக்குக் காரணிகள் எத்தனை என்று கேட்டால் போதும். மஞ்சக்குப்பத்தில் கறிக்கடை வைத்திருப்பவரானாலும் சரி, கலெக்டர் ஆபீசில் ஃபைல் பார்ப்பவரானாலும் சரி, யோசிக்காமல் எழுபத்திரண்டு என்பார். கணக்கில் வேறு எதுவும் அவர் நினைவில் இருக்காது. மனுஷர் முப்பத்திரண்டு வருஷம் தொண்டை வறளக் கத்தியதில் ஊருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

அவர் மனைவி புஷ்பவள்ளிக்கு எழுபத்திரண்டோடு தீரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த எண்ணோடுதான் குடும்பம் நடத்தினாள். மற்ற வீடுகளில் மாமியார் இருப்பார்கள், இந்த வீட்டில் ஒரு எண் இருந்தது.

வாத்தியார் புவனகிரிப் பக்கம் ஒரு நெல் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. காலேஜ் படிக்கச் சிதம்பரம் போனார். பதினெட்டு வயதில் கூட்டாளிகளோடு கோயிலுக்குள் நுழைந்தபோது, வடக்கத்திக் கூட்டம் ஒன்றுக்கு ஒரு ஆள் பொற்கூரையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். மேலே இருக்கிற பொன் ஓடு இருபத்தோராயிரத்து அறுநூறு, ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு விடுகிற மூச்சும் அத்தனை, நிமிஷத்துக்குப் பதினைந்து. ஓடுகளை இறுக்குகிற ஆணி எழுபத்திரண்டாயிரம். கூட்டாளிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் குளத்துப் படியில் உட்கார்ந்து, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அந்த எண்ணை உடைக்க ஆரம்பித்தார். எழுபத்திரண்டு காரணிகள் வந்தன. ஆணியும் எழுபத்திரண்டாயிரம். "காரணி எத்தனைன்னு கண்டுபிடிச்சிட்டுதான் ஆணியே அடிச்சிருக்கான்" என்று அதைச் சொல்லி முப்பது வருஷம் சிரித்தார். கேட்கிறவர்கள் முதல் இரண்டு வருஷம் சிரித்தார்கள்.

கல்யாணம் திருவந்திபுரத்தில். முடிந்து கடலூருக்குத் திரும்புகிற வேனில், மாலையைக்கூட இன்னும் கழற்றவில்லை, புதுமாப்பிள்ளை புதுப்பெண்ணின் காதருகே குனிந்தார். சுற்றி இருந்த பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். அவர் சொன்னது இதுதான்.

"இருபத்தோராயிரத்து அறுநூற ஒடச்சிப் பாத்தா உள்ள மூணே பேருதான் இருக்காங்க. ரெண்டு, மூணு, அஞ்சு. ரெண்டு அஞ்சு தடவ வருது. அஞ்சு ரெண்டு தடவ வருது. மூணு மூணு தடவ. எத்தனை தடவைங்கறத தலைக்கு மேல சின்னதா எழுதுவோம். அப்ப பாரு, ரெண்டு தலைமேல அஞ்சு ஒக்காந்துருக்கு, அஞ்சு தலைமேல ரெண்டு ஒக்காந்துருக்கு. ஒன்ன ஒன்னு தூக்கிக்குது. நீ ரெண்டு, நான் அஞ்சு."

புஷ்பவள்ளி பத்தாவதில் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கித் தேறியவள். ஆனாலும் விடவில்லை.

"அப்ப மூணு யாரு?"

"அது நமக்குப் பொறக்கப் போறது. தன்னத்தானே தூக்கிக்கும்."

அது அப்படியே நடந்தது. மகள் சுவாதி யாரையும் தொந்தரவு செய்யாமல் படித்தாள், வேலை தேடிக்கொண்டாள், பெங்களூரில் வீடு பார்த்துக்கொண்டு போனாள். இவர்கள் இரண்டு பேரும் ஒருத்தர் தலையில் ஒருத்தர் உட்கார்ந்து மஞ்சக்குப்பத்திலேயே காலத்தைத் தள்ளினார்கள். புஷ்பவள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். இருபத்தேழு வருஷம் முட்டை எண்ணியவள். வந்த முட்டை, உடைந்த முட்டை, சாப்பிட்ட பிள்ளைகள், எதிலும் ஒன்று கூடியதில்லை, குறைந்ததில்லை. வாத்தியாருக்கு அவளிடம் ரொம்பப் பிடித்ததே அதுதான். "எங்க வீட்டுல கணக்கு எனக்குத் தெரியும், எண்ணத் தெரிஞ்சவ அவ" என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

அந்த எண்ணைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இருந்தது. அதன் உள்ளே இருக்கிற எந்த எண்ணும் ஒற்றையாக வருவதில்லை, எல்லாம் ஒரு தடவைக்கு மேல் வருகிறது. இப்படி அமைந்ததை வலிமையான எண் என்பார்கள். காரணிகளையெல்லாம் கூட்டினால், எண்ணையே ஒதுக்கிவிட்டுக் கூட்டினாலும், அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் வரும். அவ்வளவு நிறைந்த எண். ஆனால் சதுரமாக அடுக்க முடியாது. நூற்றி நாற்பத்தேழு வரிசை, வரிசைக்கு நூற்றி நாற்பத்தேழு என்று அடுக்கினால் ஒன்பது ஓடு குறையும். கனசதுரமும் ஆகாது. எந்த அடுக்குக்கும் முழுசாகப் பொருந்தாது. இத்தனை பலம் இருந்து என்ன பிரயோஜனம் என்று அவருக்கு ஒரு வருத்தம். பெண்ணுக்கு வரன் அமையாதவர் மாதிரி சில சமயம் அதை நினைத்துப் பெருமூச்சு விடுவார்.

அறுபது வயதில் பணி ஓய்வு பெற்ற வாரம் அந்த வருத்தமும் தீர்ந்தது. வேலை இல்லாத கை சும்மா இருக்குமா? ஆயுசு நூறு, வருஷத்துக்கு வட்டத்தின் பாகைபோல முன்னூற்றி அறுபது நாள் என்று வைத்து மொத்த மூச்சையும் பெருக்கிப் பார்த்தார். எழுபத்தேழு கோடியே எழுபத்தாறு லட்சம் வந்தது. அதை உடைத்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அறுபதை அறுபதால் பெருக்கி, மறுபடி மறுபடி பெருக்கி, ஐந்து அறுபதைச் சேர்த்தால் அந்த எண். ஐந்தாம் அடுக்கு, ஒரு மூச்சு கூடவில்லை, ஒரு மூச்சு குறையவில்லை.

"ஒரு நாளு தனியா முழுசாகாது புஷ்பா. ஆயுசு மொத்தமும் சேந்தாத்தான் முழுசு" என்றார். கண் கலங்கியிருந்தது. அவள் தோசைக் கரண்டியோடு நின்று கேட்டாள். ஒரு மனுஷனுக்குச் சந்தோஷம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு தோசையைத் திருப்பப் போனாள்.

அடுத்த வருஷம் இருமல் வந்தது. வறட்டு இருமல். கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் நிற்க ஆரம்பித்தார். கடலூரில் இரண்டு டாக்டர்களைப் பார்த்துவிட்டுச் சிதம்பரத்தில் நுரையீரல் டாக்டர் சத்யப்பிரியாவிடம் போனார்கள். வயது முப்பத்தைந்து இருக்கும், பொறுமைசாலி. நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டு வருகிறது என்று படத்தைக் காட்டிச் சொன்னார்.

"சாக்பீஸ் தூளாலயா டாக்டர்?" என்று வாத்தியார் கேட்டார்.

"சொல்ல முடியாது சார். நெறைய பேருக்கு எதனாலன்னே தெரியறதில்ல."

பிறகு அவர் முதுகைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் மூச்சை எண்ணினார். முப்பது என்றார். அந்த எண் காதில் விழுந்ததும் வாத்தியாரின் முகம் மாறியதைப் புஷ்பவள்ளி பார்த்தாள். பயந்துவிட்டார் என்று நினைத்தாள். பயமில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சுக்குப் பதிலா முப்பது. நாளுக்கு ரெண்டு நாள் மூச்சு போவுது. எனக்கு அறுபத்தொண்ணு. நூறுக்கு இன்னும் முப்பத்தொம்பது. அதுல பாதி, பத்தொம்பதர வருஷம் இருக்கு. சரியா டாக்டர்?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"மூச்சு டேங்க்ல புடிச்சி வச்ச தண்ணி இல்ல சார், தெறந்தா தீந்து போறதுக்கு. நீங்க நடக்கணும். வாய் விட்டுப் பேசணும். ஒக்காந்தே இருந்தா சத இளைக்கும், மூச்சு இன்னும் வாங்கும்."

வாத்தியார் தலையாட்டினார். நல்ல மாணவி தப்பான விடை சொல்லும்போது ஆட்டுவாரே, அந்த ஆட்டல். கணக்குத் தெரிந்தவன் முட்டாளானால் அவனைத் திருத்த ஆளே கிடையாது.

அவர் மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது டாக்டர் புஷ்பவள்ளியைத் தனியாக அழைத்தார்.

"அம்மா, சார் பத்தொம்பது வருஷம்னு நெனைக்கிறாங்க. அப்படி இல்லம்மா. ரெண்டு வருஷம் இருந்தா பெருசு. கொறைஞ்சாலும் கொறையலாம். நா சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன் டாக்டர்."

அவள் சொல்லவில்லை. அன்றைக்கு மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பத்தொன்பதரை, பத்தொன்பதரை என்று உதடு அசைந்துகொண்டே வந்தது. அந்த எண்ணை அவர் கையிலிருந்து பிடுங்க அவளால் முடியவில்லை. நாளைக்குச் சொல்லிக்கலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வரவே இல்லை. அவளுடைய முதல் தப்பு அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் வாத்தியார் தன் மூச்சைச் சேமிக்க ஆரம்பித்தார். ஜன்னல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். நடை கிடையாது. குளிப்பதற்குக்கூட இரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் எழுந்தார். பேச்சு அடியோடு நின்றது. பேசினால் நிமிஷத்துக்கு முப்பத்தாறு மூச்சு ஆகிறது என்று எண்ணி வைத்திருந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் விரலைக் காட்டுவார். ஃபேன் என்றால் மேலே பார்ப்பார். மற்றதெல்லாம் துண்டுச் சீட்டில்.

புஷ்பவள்ளி அவருக்காக வேலையை விட்டிருந்தாள். வீட்டில் பகல் முழுக்க இரண்டு பேர், ஒரு சத்தம் கிடையாது. எண்ணைப் பற்றிப் பேசிப் பேசி உயிரை வாங்கிய ஆள், இப்போது வாயே திறக்கவில்லை. பெயருக்கு ஏற்ற மாதிரி பேசாத சாமியாக உட்கார்ந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டு ஜெயராணி வேடிக்கையாகச் சொன்னாள். புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு மட்டும்தான் தெரியும், இருப்பது பத்தொன்பது வருஷமில்லை என்று. பத்தொன்பது வருஷத்துக்காக அவர் மூடி வைத்த வாய், இருக்கிற கொஞ்ச நாளையும் தின்றுகொண்டிருந்தது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குரல். அறுநூறோ எழுபத்திரண்டோ, எதையாவது பேசட்டும் என்றிருந்தது.

"டாக்டர் பேசச் சொன்னாங்க இல்ல" என்று கேட்டுப் பார்த்தாள். சண்டை போட்டாள். அழுதாள். அவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: 'எல்லாம் உன்கூட இருக்கத்தான்.' அதற்கு மேல் என்ன சொல்லி ஒருத்தி சண்டை போடுவாள்?

ஒரு வேலை மட்டும் அவளுக்குக் கொடுத்திருந்தார். தன் மூச்சைத் தானே எண்ணினால் மூச்சு மாறிவிடுகிறது, சரியாக வராது. அதனால் காலையில் காபி குடித்துக் கால் மணி நேரம் கழித்து, அவள் எதிரில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணிச் சொல்ல வேண்டும். அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். முட்டை எண்ணியவள் மேல் அவ்வளவு நம்பிக்கை. முப்பது, முப்பது, முப்பத்தொன்று, முப்பது என்று நான்கு மாதம் ஓடியது.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் எண்ணியபோது முப்பத்துமூன்று இருந்தது. சட்டைக்கு மேலே கழுத்து எலும்பு தெரிந்தது. அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"இருபத்தெட்டு" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் எழுதினார். கீழே விறுவிறுவென்று ஒரு கணக்குப் போட்டார். நிமிஷத்துக்கு இரண்டு மிச்சமென்றால் நாளுக்கு இரண்டாயிரத்து எண்ணூற்றி எண்பது. அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம். இருநூற்றி எண்பத்தெட்டு மூச்சு. பேச்சுக்கு நிமிஷத்துக்கு முப்பத்தாறு. பேனாவைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"எட்டு நிமிஷம் பேசலாம் புஷ்பா. உனக்கு முட்டி வலி எப்டி இருக்கு?"

நான்கு மாதம் கழித்துக் கேட்ட குரல். கரகரவென்று ஆளே மாறியிருந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எட்டு நிமிஷத்தில் ஒன்றரை நிமிஷம் அழுதே போனது. மிச்சத்தில் முட்டி வலி, சுவாதியின் வீட்டு வாடகை, பின்பக்கம் வாழை குலை தள்ளியது எல்லாம் பேசினார்கள். எட்டு நிமிஷம் முடிந்ததும் வாக்கியத்தை நடுவிலேயே நிறுத்திவிட்டுத் தண்ணீருக்கு விரலைக் காட்டினார்.

வழி தெரிந்துவிட்டது. இனி அவளை யார் தடுக்க முடியும்? வாழ்நாளில் ஒரு முட்டையைக்கூடக் கூட்டிச் சொல்லாதவள், புருஷன் மூச்சில் தினம் பொய் சொன்னாள். இருபத்தெட்டு என்றால் எட்டு நிமிஷம். பொங்கல் அன்றைக்கு இருபத்தாறு என்றாள், பதினாறு நிமிஷம் கிடைத்தது. நிஜத்தில் அன்று முப்பத்தைந்து. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அசையாமல் இருப்பதன் பலன் தெரிகிறது என்று நம்பினார். நம்பியதால் இன்னும் அசையாமல் இருந்தார். கால் குச்சியாகிவிட்டது. தான் வாங்குகிற ஒவ்வொரு நிமிஷப் பேச்சும் அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மறுநாள் காலையில் வாய் திறந்தால் பொய்தான் வந்தது.

பதிமூன்றாம் மாதம் அவள் பிறந்தநாள் வந்தது. பேராசை பிடித்துக்கொண்டது.

"இருபத்தி நாலு" என்றாள்.

வாத்தியார் கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "எண்ணூத்தி அறுபத்தி நாலு மூச்சு. இருபத்தி நாலு நிமிஷம். எடுத்துக்க, உனக்குத்தான்."

அந்த இருபத்திநாலு நிமிஷத்தில் அவர் என்னென்னவோ பேசினார். குளத்துப் படியில் பஸ் டிக்கெட்டில் எழுதிய கதையை மறுபடி சொன்னார். ஆணிக்குச் சிரித்தார். அவளும் சிரித்தாள், முதல் தடவை கேட்பதுபோல. கடைசியில் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"ஊருக்கெல்லாம் சொன்னேன். உன்ன மட்டும் அந்தக் கூரைக்குக் கீழ கூட்டிட்டுப் போயி நின்னு காட்டவே இல்ல. அடுத்த வாட்டி டாக்டரப் பாத்துட்டு போலாம். நா ஒவ்வொரு வரிசையா காட்டறேன்."

"நா திருவிழாவுல போயி பாத்துருக்கேனே."

"கூட்டத்துல தல தெரிஞ்சிருக்கும். கூரை தெரிஞ்சிருக்காது."

அடுத்த மாதம் வாடகைக் கார் வைத்துக்கொண்டு சிதம்பரம் போனார்கள். மூச்சு வீணாகுமென்று அவர் இத்தனை மாதம் அங்கே வரவில்லை, புஷ்பவள்ளிதான் போய் மருந்து வாங்கி வந்துகொண்டிருந்தாள். ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அதற்குள் அவரால் முடியாது. சிறிய சிலிண்டர் ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டார். மடியில் நோட்டு. பரீட்சைத் தாளைக் கொடுக்கப் போகிற முதல் மாணவன் மாதிரி அதைத் தடவித் தடவிப் பார்த்தார். டிரைவர் ஸ்ரீதர் அவரிடம் படித்தவன். "சாரு முகத்துல களை வந்துடுச்சும்மா" என்றான். புஷ்பவள்ளி அந்த நோட்டையே பார்த்தாள். நோட்டை டாக்டரிடம் காட்டுவார் என்று அவளுக்கு அதுவரை தோன்றவே இல்லை.

காட்டினார். டாக்டர் சத்யப்பிரியா பக்கத்தைப் புரட்டினார். முப்பது, இருபத்தெட்டு, இருபத்தாறு, இருபத்திநாலு. நிமிர்ந்து வாத்தியாரின் கழுத்தைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். எழுந்து வந்து அவர் முதுகில் கை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினார்.

"முப்பத்தெட்டு. சார், இதெல்லாம் யார் எண்ணுனது?"

வாத்தியார் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

டாக்டருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "வீட்டுல எண்ணும்போது தப்பறது சகஜம்தான் சார்" என்றார். யாருக்கு வேண்டுமானாலும் தப்பலாம். இருபத்தேழு வருஷம் முட்டை எண்ணியவளுக்குத் தப்பாது என்று வாத்தியாருக்குத் தெரியும். அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். தன் கரும்பலகையில் யாரோ தப்புக் கணக்கைப் போட்டுவிட்டுப் போனதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வெளியே வந்ததும் ஸ்ரீதர் கேட்டான். "கோயிலுக்கு விடட்டுமா சார்?"

வாத்தியார் வேண்டாமென்று தலையசைத்தார். கார் கடலூர்ப் பக்கம் திரும்பியது.

"நீங்க பேசணும்னுதாங்க" என்றாள் புஷ்பவள்ளி. அவர் கையை உயர்த்தினார். போதும் என்று அர்த்தமா, மூச்சை வீணாக்காதே என்று அர்த்தமா, தெரியவில்லை. அப்போதாவது மிச்ச உண்மையையும் சொல்லியிருக்கலாம். பத்தொன்பதரை இல்லைங்க, ரெண்டுதான், அதிலேயும் ஒன்று போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். செம்மங்குப்பம் தாண்டும்போது ஃபேக்டரி நாற்றம் உள்ளே வராமலிருக்க ஸ்ரீதர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டான். அவள் அதையும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவளை அவர் எண்ணச் சொல்லவில்லை. காலையில் காபி முடிந்து அவள் எதிரில் வந்து உட்காருவாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, தன் நெஞ்சில் தானே விரலை வைத்து எண்ணிக்கொள்வார். சரியாக வராது என்று அவருக்கே தெரிந்த முறை. அதுவே மேல் என்று முடிவு செய்துவிட்டார். நோட்டை மடியிலேயே மூடி வைத்துக்கொண்டார். பதினேழு நாள் இப்படிப் போனது. துண்டுச் சீட்டும் நின்றுவிட்டது. புஷ்பவள்ளி பதினேழு நாளும் அந்த எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தாள்.

பதினெட்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. அவள் மெஷினைக் கூட்டி வைத்தாள். சுவாதிக்குப் போன் போட்டாள், ஸ்ரீதரைக் கார் எடுத்துவரச் சொன்னாள். அப்போது அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, தன் நெஞ்சைக் காட்டினார். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

அவள் எதிரில் உட்கார்ந்து எண்ணினாள். முட்டை எண்ணுகிற மாதிரி உதடு அசையாமல், ஒன்று விடாமல் எண்ணினாள். ஒரு நிமிஷம் முடிந்தது. அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது.

"நாப்பத்தி நாலுங்க" என்றாள்.

"சரி" என்றார்.

வகுப்பில் விடையைச் சொன்ன பிள்ளையிடம் சொல்வாரே, அதே சரி. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. கார் வாசலுக்கு வந்து நின்றபோது எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் சுவாதி அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அழுது முடித்துவிட்டாள், தன்னைத்தானே தூக்கிக்கொள்கிற பிள்ளை. நாற்காலிக்கு அடியில் கிடந்த நோட்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

புஷ்பவள்ளி கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்தாள். சிதம்பரத்திலிருந்து வந்த நாளின் தேதி போட்டிருந்தது. அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முப்பத்தெட்டு என்று எழுதி, மீதி மூச்சை அந்த எண்ணால் வகுத்து, கீழே கோடு போட்டு விடை எழுதியிருந்தார். பதினாலரை வருஷம். பிறகு ஒன்றுமில்லை. பதினாலரை வருஷம் அவளோடு இருப்பதற்காக அந்தப் பதினேழு நாளும் பேசாமல் இருந்தாரா, அவள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் பேசாமல் இருந்தாரா? நோட்டை எத்தனை தடவை புரட்டினாலும் அது தெரியப் போவதில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் ரெண்டு என்ற ஒரு சொல்லை அவள் சொல்லியிருந்தால், அந்த மனுஷன் அந்த வருஷம் முழுக்க வாய் ஓயாமல் பேசியிருப்பார்.

நோட்டில் சொருகியிருந்த சிவப்பு பேனாவை எடுத்தாள். அடுத்த வெற்றுப் பக்கத்தில் இருபத்தோராயிரத்து அறுநூறு என்று எண்ணால் எழுதினாள். நீ ரெண்டு, நான் அஞ்சு என்றவர்தான் போய்விட்டாரே. அவரை எடுத்துவிட்டால் என்ன மிச்சமிருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. ஐந்தால் வகுத்தாள், நாலாயிரத்து முன்னூற்றி இருபது. இன்னொரு ஐந்து இருந்தது, அதையும் எடுத்தாள்.

எண்ணூற்றி அறுபத்திநாலு.

பேனா நின்றுவிட்டது. அவள் பிறந்தநாளுக்குக் கொடுத்த மூச்சு அத்தனைதான். எடுத்துக்க, உனக்குத்தான் என்றாரே, அது.

"என்னம்மா போட்ற?" என்று சுவாதி கேட்டாள். புஷ்பவள்ளி பதில் சொல்லாமல் இரண்டால் வகுக்க ஆரம்பித்தாள். நானூற்றி முப்பத்திரண்டு. இருநூற்றிப் பதினாறு. நூற்றி எட்டு. ஐம்பத்திநாலு. இருபத்தேழு. அதற்கு மேல் இரண்டு போகவில்லை, எல்லாம் மூன்று. எத்தனை தடவை இரண்டு வந்தது என்று விரல் விட்டு எண்ணினாள். எண்ணுவதில் அவளுக்குத் தப்பாது. ஆனாலும் இன்னொரு தடவை எண்ணிவிட்டு, அவர் எழுதுகிற மாதிரியே ஒரு இரண்டைப் போட்டு, அதன் தலைக்கு மேல் சின்னதாக எழுதினாள்.

ஐந்து.

ஐந்தையெல்லாம் எடுத்தாகிவிட்டது. எண்ணில் எங்கே தேடினாலும் இனி ஐந்து கிடையாது. இரண்டின் தலைமேல் மட்டும் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை எப்படி இறக்கி வைப்பது என்று கேட்க வீட்டில் கணக்கு வாத்தியார் இல்லை.